கார் தானா பிரேக் போடும்... நிற்கிற லாரிக்கும் போடுமா? 'அடாஸ்' வசதியை நம்ம ரோட்டில் எவ்வளவு நம்பலாம்?

புது கார் பார்க்க ஷோரூம் போய் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மைலேஜ், சன்ரூஃப், பெரிய டச் ஸ்கிரீன் எல்லாம் சொல்லி முடித்த பிறகு விற்பனைப் பிரதிநிதி கடைசியாக ஒன்றை எடுத்து விடுவார். "சார், டாப் வேரியன்ட்ல அடாஸ் லெவல் 2 இருக்கு. கார் தானாவே பிரேக் போட்டுக்கும். தானாவே லேன்ல போகும்."

அந்த "தானாவே" என்ற ஒரு வார்த்தையில்தான் சிக்கலே இருக்கிறது.

2020 அக்டோபரில் எம்ஜி குளோஸ்டர் வந்தபோது இந்த வசதி 30 லட்சம் ரூபாயைத் தாண்டிய வேரியன்ட்டில்தான் கிடைத்தது. 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர் வந்தன. 2024 டிசம்பரில் வந்த புதிய ஹோண்டா அமேஸில், சுமார் 10 லட்சம் ரூபாய் வேரியன்ட்டிலேயே அடாஸ் வந்துவிட்டது. நான்கே வருடத்தில் பணக்காரர் காரிலிருந்து நடுத்தரக் குடும்பத்தின் முதல் செடான் வரைக்கும் இறங்கிவிட்டது.

கூடவே இன்னொன்றும் வந்தது. நெடுஞ்சாலையில் கார் 80, 90-ல் போய்க்கொண்டிருக்கும், ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து ரீல்ஸ் எடுப்பார். இப்படிப்பட்ட வீடியோக்கள் உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். 'பாருங்க, டிரைவரே வேண்டாம்' என்று கமென்ட் வேறு.

உண்மையில் அந்தக் கார் என்ன பார்க்கிறது, எதைப் பார்க்காது? நம்ம ரோட்டில் எந்த வசதியை ஆன் செய்யலாம், எதை ஆஃப் செய்வது நல்லது? விரிவாகப் பார்ப்போம்.

அடாஸ் என்றால் என்ன?

அட்வான்ஸ்டு டிரைவர் அசிஸ்டன்ஸ் சிஸ்டம்ஸ் என்பதன் சுருக்கம்தான் அடாஸ். தமிழில் சொன்னால் ஓட்டுநருக்கான உதவி வசதிகள். இது ஒரே ஒரு கருவி இல்லை. பல வசதிகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

முன் கண்ணாடியின் மேல்பகுதியில், ரியர் வியூ மிர்ரருக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கும். பல கார்களில் முன்பக்க பம்பர் அல்லது கிரில் பகுதியில் ஒரு ரேடாரும் இருக்கும். சில கார்களில் கேமரா மட்டும்தான். கேமரா படத்தைப் பார்த்து இது கார், இது லாரி, இது ஆள், இது ரோட்டுக் கோடு என்று அடையாளம் காண்கிறது. ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து எதிரே இருப்பது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று அளக்கிறது.

இந்த இரண்டு கண்ணையும் வைத்துத்தான் எல்லா வேலையும் நடக்கிறது. முன்னால் மோதப் போகிறோம் என்றால் 'பீப்' சத்தம், அப்புறமும் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் தானியங்கி அவசர பிரேக். முன்னால் போகும் வண்டியின் வேகத்துக்கு ஏற்ப நம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ். கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை லேசாக இழுத்துவிடும் லேன் கீப் அசிஸ்ட். பக்கவாட்டில் மறைவாக வரும் வண்டியைக் காட்டும் பிளைண்ட் ஸ்பாட் விளக்குக்கு மட்டும் பின்பக்கம் தனி சென்சார்கள் உண்டு.

அப்போ லெவல் 2 என்றால்?

எஸ்ஏஇ என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு, கார் எவ்வளவு தூரம் தானாக இயங்கும் என்பதை 0 முதல் 5 வரை பிரித்திருக்கிறது. வேகத்தையோ ஸ்டீயரிங்கையோ ஏதாவது ஒன்றை மட்டும் தொடர்ந்து பார்த்துக்கொண்டால் லெவல் 1. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டால் லெவல் 2. ஆனால் இந்த லெவல் 2 வரைக்கும், ஓட்டுவது நீங்கள்தான். ஸ்டீயரிங் தானாகத் திரும்பினாலும், கால் பெடலில் இல்லாவிட்டாலும், ரோட்டைப் பார்க்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. அந்த அட்டவணையிலேயே இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

லெவல் 3-ல்தான், குறிப்பிட்ட சூழலில், கார் ரோட்டைப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொள்கிறது. மெர்சிடிஸ் நிறுவனம் ஜெர்மனியில் 2022-ல் அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் ஆட்டோபான் சாலையில், நெரிசலில், 60 கி.மீ. வேகத்துக்குள் மட்டும்! உலகத்திலேயே ஒழுங்கான சாலைகளில் ஒன்றில் அவ்வளவுதான் கொடுத்தார்கள். இந்த இடத்தில் நம்ம உளுந்தூர்பேட்டை டோல்கேட்டை ஒரு தடவை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. உயிர் காப்பதில் பெரிய பங்கு வகிக்கும் தானியங்கி அவசர பிரேக், எஸ்ஏஇ கணக்கில் லெவல் 0! ஏனென்றால் அது தொடர்ந்து ஓட்டுவதில்லை, ஆபத்து வரும் அந்தச் சில நொடி மட்டும் தலையிடுகிறது. 'லெவல் அதிகமானால் பாதுகாப்பு அதிகம்' என்று ஷோரூமில் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிற்கிற லாரியைப் பார்க்குமா?

இதுதான் தமிழ்நாட்டில் கார் ஓட்டுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நம் நெடுஞ்சாலைகளில் இரவில் பயப்பட வேண்டியது எதிரே வரும் வண்டியை மட்டுமல்ல. பஞ்சர் ஆகி, அச்சு முறிந்து, இல்லை டிரைவர் டீ குடிக்கப் போனதால் ரோட்டிலேயே நிற்கும் லாரி. இண்டிகேட்டர் எரியாது. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மண் படிந்து மங்கியிருக்கும். முக்கோண எச்சரிக்கைப் பலகைக்குப் பதில் இரண்டு கல்லும் ஒரு மரக்கிளையும் இருக்கும். விழுப்புரம், கடலூர் பக்கம் அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் பின்விளக்கே இல்லாமல் ஊர்ந்து போகும். கார் பின்னால் போய்ச் சொருகி குடும்பமே பலி என்ற செய்தியை நாங்கள் எத்தனை முறை வாசித்திருப்போம் என்று கணக்கில்லை.

அடாஸ் இருந்தால் அந்த லாரிக்கு கார் தானாக பிரேக் போடுமா? போடலாம், போடாமலும் இருக்கலாம். பல கார் நிறுவனங்களின் கையேட்டிலேயே, நின்றுகொண்டிருக்கும் வாகனத்தை அடாப்டிவ் க்ரூஸ் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி? ரேடாரின் பலமே நகரும் பொருளின் வேகத்தை அளப்பதுதான். ஆனால் ரோட்டில் நகராத பொருட்கள்தான் அதிகம். மேம்பாலம், வழிகாட்டிப் பலகை, மீடியன் கம்பி, ரோட்டில் கிடக்கும் இரும்பு மூடி, எல்லாவற்றிலிருந்தும் அலை திரும்பி வரும். அத்தனைக்கும் பிரேக் போட்டால் கார் பத்தடி நகராது. அதனால் வேகமாகப் போகும்போது, அசையாத பொருட்களிலிருந்து வரும் சிக்னலுக்குக் குறைவான மதிப்பு கொடுக்கும்படிதான் பல அமைப்புகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. 'அது லாரிதான்' என்று கேமரா உறுதி சொன்னால்தான் முழு பிரேக். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். பின்விளக்கு இல்லாத லாரி, இருட்டு, எதிரே ஹைபீம் போட்டு வரும் பஸ் என்றால் கேமராவுக்கும் நம் கண்ணுக்கு இருக்கும் அதே கஷ்டம்தான்.

சரி, பார்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பாருங்கள். 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. இரண்டு நொடியில் 55 மீட்டர். அந்த வேகத்திலிருந்து காய்ந்த ரோட்டில் முழு பிரேக் அடித்து நிற்கவே 40 மீட்டருக்கு மேல் வேண்டும். லோ பீமில் நமக்குத் தெளிவாகத் தெரியும் தூரமும் சுமாராக அந்த 50, 60 மீட்டர்தான். ஆக, அமைப்பு சரியாக வேலை செய்தால்கூட 100-ல் போகும் கார் மோதும்போது 50-ல் மோதலாம். உயிர் பிழைக்க அது போதுமானதாக இருக்கலாம், அதனால் பிரயோஜனம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 'தானாவே நின்னுடும்' என்பது வேறு, இது வேறு.

இதைவிட மோசமான சூழ்நிலை ஒன்று உண்டு. நீங்கள் க்ரூஸில் 100 வைத்திருக்கிறீர்கள். முன்னால் ஒரு கார் 85-ல் போகிறது, உங்கள் கார் அதைப் பார்த்து 85-க்குக் குறைந்து பின்தொடர்கிறது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. திடீரென்று முன் கார் பக்கத்து லேனுக்கு வளைகிறது. ஏன் வளைந்தது? அங்கே ஒரு லாரி நிற்கிறது! முன் கார் டிரைவர் அதைப் பார்த்துவிட்டார். உங்கள் காருக்குத் தெரிந்தது என்ன? 'முன்னால் போன வண்டி விலகிவிட்டது, ரோடு காலி' என்பதுதான். ஆகவே செட் செய்த 100-ஐ எட்ட வேகத்தைக் கூட்ட ஆரம்பிக்கலாம். லாரி கண்ணுக்குத் தெரிவதற்குள் உங்களுக்கு மிச்சமிருப்பது இரண்டு மூன்று நொடி. அந்த நேரத்தில் உங்கள் கால் பிரேக் பக்கத்தில் இருக்கிறதா, சப்பணம் போட்டு சீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நன்றாக வேலை செய்வதே ஆபத்தா?

கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் ஆமாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் விமானப் படையில் ஒரு பிரச்னை வந்தது. கடலில் எதிரி நீர்மூழ்கிக் கப்பல் தெரிகிறதா என்று ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதாவது ஒரு புள்ளி வரும். அதை ஆபரேட்டர்கள் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் என்ற உளவியல் ஆய்வாளர் இதைச் சோதனை செய்து 1948-ல் வெளியிட்டார். அரை மணி நேரத்திலேயே கவனம் குறைய ஆரம்பித்துவிடுகிறது என்பதுதான் முடிவு. சோம்பேறித்தனம் காரணமில்லை. எதுவும் நடக்காத ஒன்றைத் தொடர்ந்து பார்ப்பது மனித மூளைக்கு வராத வேலை.

கார் ஓட்டுவது சலிப்பாக இருந்தாலும் கையும் காலும் வேலையில் இருப்பதால் மூளை விழித்திருக்கும். அந்த வேலையைக் கார் எடுத்துக்கொண்டு 'நீ சும்மா பார்த்துக்கொண்டிரு' என்று சொல்கிறபோது, நாம் அந்த ரேடார் ஆபரேட்டர் ஆகிவிடுகிறோம். முதல் நாள் பயந்து பயந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்போம். பத்தாவது நாள் வாட்ஸ்அப் பார்ப்போம். நூறு தடவை சரியாக நின்ற கார் நூற்றியோராவது தடவையும் நிற்கும் என்று நம்பிவிடுவோம்.

2019-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்தது இதுதான். டெஸ்லா காரில் ஆட்டோபைலட் ஆன் செய்து போன ஒருவர், கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்தார். கார் சாலை முடியும் சந்திப்பைத் தாண்டிப் போய், ஓரமாக நிறுத்தியிருந்த வண்டியில் மோதியது. அதன் அருகில் நின்றிருந்த இளம்பெண் உயிரிழந்தார். 2025 ஆகஸ்ட்டில் மியாமி ஜூரி தீர்ப்பு சொன்னது: ஓட்டுநர் மீது 67 சதவீதம் பொறுப்பு, டெஸ்லா மீது 33 சதவீதம். டெஸ்லா கொடுக்க வேண்டிய தொகை சுமார் 24 கோடி டாலர். மேல்முறையீடு செய்வதாக நிறுவனம் அறிவித்தது.

அந்த வழக்கில் ஒரு தகவலைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநரின் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. க்ரூஸ் போகும்போது நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், 'டிரைவர் ஏதோ முடிவு செய்துவிட்டார்' என்று எடுத்துக்கொண்டு கார் தன் பிரேக்கை விட்டுக்கொடுத்துவிடும். பெரும்பாலான அடாஸ் கார்களில் இப்படித்தான். முன்னால் ஓவர்டேக் செய்ய லேசாக மிதித்துவிட்டு, கார் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது.

2025 மார்ச் 29 அன்று சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஷாவ்மி எஸ்யூ7 கார் இரவில் நெடுஞ்சாலைப் பணி நடந்த இடத்தில் கான்கிரீட் தடுப்பில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு கார் உதவி வசதியில் மணிக்கு 116 கி.மீ. வேகத்தில் போயிருக்கிறது. தடை இருப்பதைக் கண்டு எச்சரித்தது, ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தார். ஆனால் எல்லாம் சில நொடிகளுக்குள். நேரம் போதவில்லை. இதற்குப் பிறகுதான் 'தானியங்கி ஓட்டம்' போன்ற வார்த்தைகளை கார் விளம்பரங்களில் பயன்படுத்தக் கூடாது என்று சீன அரசு நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. நம் ஊர் விளம்பரங்களுக்கும் அப்படி ஒன்று வந்தால் நல்லதுதான்.

அப்போ அடாஸ் வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு காப்பீட்டு நிறுவனமான ஐஐஹெச்எஸ் நிஜ விபத்துகளை வைத்து ஆய்வு செய்ததில், மோதல் எச்சரிக்கையும் தானியங்கி அவசர பிரேக்கும் உள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியின் பின்னால் மோதுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. பாதி என்பது சாதாரண விஷயமில்லை. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலையிலிருந்து விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம்.

அதே அமைப்பின் இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் முக்கியம். நடந்து போகிறவர்களைக் கண்டறியும் பிரேக் வசதி, பாதசாரிகள் மீது மோதும் விபத்துகளை 27 சதவீதம் குறைத்தது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில்? வசதி இருந்த காருக்கும் இல்லாத காருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இதை நம் புள்ளிவிவரத்தோடு வைத்துப் பாருங்கள். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள். 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர்.

அதாவது நம் ரோட்டில் சாகிறவர்களில் பெரும்பாலானவர்கள் காருக்கு வெளியே இருப்பவர்கள். ரேடாருக்கும் கேமராவுக்கும் பிடிபடக் கஷ்டமான, ஒல்லியான, திடீரென்று குறுக்கே வரும் உருவங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு ராங் சைடில் வருபவரும், மீடியன் இடைவெளியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிக் கடக்கும் பாட்டியும், படுத்துக் கிடக்கும் மாடும் எல்லா அமைப்பின் பயிற்சிப் பாடத்திலும் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் எல்லா நேரமும் அடையாளம் தெரியும் என்று நம்ப முடியாது. லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் அப்படித்தான். கார் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துத் தூரத்தைக் கணக்குப் போடும், கம்பியின் நுனியைப் பார்த்து அல்ல.

நம்ம ரோட்டில் எதை ஆன், எதை ஆஃப்?

இனி நடைமுறைக்கு வருவோம்.

தானியங்கி அவசர பிரேக்கை எக்காரணம் கொண்டும் ஆஃப் செய்ய வேண்டாம். சிட்டி டிராஃபிக்கில் பைக் குறுக்கே புகும்போது சில சமயம் தேவையில்லாமல் கத்தும், சில சமயம் சடாரென்று பிரேக் பிடிக்கும். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஷேர் ஆட்டோ நம் மேல் இடித்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். 2022 கணக்கில் நாடு முழுவதும் நடந்த விபத்துகளில் 21 சதவீதத்துக்கு மேல் பின்னால் இருந்து மோதியவை. ஆனாலும் எரிச்சலாக இருந்தால் எச்சரிக்கையின் அளவை மெனுவில் 'லேட்' அல்லது 'லோ' என்று குறைத்துக்கொள்ளுங்கள், முழுதாக அணைக்க வேண்டாம். சத்தம் கேட்கிறதே என்று ஆஃப் செய்பவர்கள், அது தேவைப்படும் ஒரே ஒரு நாளில் ஆன் செய்ய மறந்திருப்பார்கள்.

லேன் கீப் அசிஸ்ட் விஷயத்தில் எங்கள் கருத்து வேறு. நான்குவழிச் சாலையில், வெள்ளைக் கோடு பளிச்சென்று இருக்கும் இடத்தில் அது உதவி. தூக்கக் கலக்கத்தில் கார் ஓரம் போனால் இழுத்துப் பிடிக்கும். ஊருக்குள்ளும் இருவழிச் சாலையிலும் அது தொல்லை, சில சமயம் அதற்கும் மேல். எப்படி என்றால், இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் 'டிரைவர் தெரியாமல் விலகுகிறார்' என்று நினைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பி இழுக்கும். நம்மில் எத்தனை பேர் ஓரமாகப் போகும் சைக்கிள்காரரைத் தாண்ட இண்டிகேட்டர் போடுகிறோம்? இசிஆரில் பெரியவர் ஒருவர் சைக்கிளில் போகிறார், நீங்கள் கொஞ்சம் வலதுபக்கம் விலகுகிறீர்கள், கார் உங்களை இடதுபக்கம், அவர் பக்கமாகத் தள்ளுகிறது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் உங்கள் கைதான் ஜெயிக்கும். ஆனால் முதல் தடவை அது நடக்கும்போது ஒரு நொடி திகைத்துப் போவீர்கள்.

சாலைப் பணி முடிந்த இடங்களில் பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்தே இருக்கும். டோல்கேட் நெருங்கும்போது கோடே இருக்காது. சர்வீஸ் ரோடு பிரியும் இடத்தில் கோடு எங்கே போகிறது என்று நமக்கே தெரியாது. கார் அந்த இடத்தில் என்ன முடிவு எடுக்கும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாமே.

அடாப்டிவ் க்ரூஸ் பகலில், மழை இல்லாதபோது, நல்ல நெடுஞ்சாலையில் நிஜமாகவே சுகம். சென்னையிலிருந்து திருச்சி போய் இறங்கும்போது கால் வலி இல்லாமல் இருப்பதை உணரலாம். ஆனால் நம் ஊரில் முன் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விட்டால், அந்த இடைவெளி 'வாங்க வாங்க' என்று அழைப்பு விடுத்த மாதிரி. ஒருவர் இடதுபக்கத்திலிருந்து வெட்டி உள்ளே நுழைவார், கார் பிரேக் பிடிக்கும், மறுபடி இடைவெளி விடும், இன்னொருவர் நுழைவார். கடுப்பாகிப் பலர் இடைவெளி அளவை ஆகக் குறைவாக வைத்துவிடுகிறார்கள். அதுதான் தப்பு. எச்சரிக்கை வந்த பிறகு உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தையே நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள். நெரிசலில் இடைவெளியைக் குறைப்பதற்குப் பதில் க்ரூஸையே ஆஃப் செய்துவிட்டு நீங்களே ஓட்டுங்கள்.

இரவில் மீடியன் விளக்கு இல்லாத பகுதியிலும், கனமழையிலும், மார்கழிப் பனியிலும் க்ரூஸ் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் வண்டி ரேடாரின் பார்வைக்கோணத்தை விட்டு விலகிவிடும், கார் ரோடு காலி என்று நினைக்கும்.

பிளைண்ட் ஸ்பாட் விளக்கு எப்போதும் இருக்கட்டும், அது நன்மை மட்டும்தான் செய்கிறது. சைடு மிர்ரரைப் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டாம்.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

இந்தியாவில் இதற்கு நேரடியான பதில்: நீங்கள்தான். 'கார் தானா ஓடிச்சு' என்று சொல்வதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. ஆபத்தாக ஓட்டினால் அந்தச் சட்டத்தின் 184-வது பிரிவு. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ரீல்ஸ் எடுத்திருந்தால் அந்த வீடியோவே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்.

சில பேர் ஸ்டீயரிங்கில் தண்ணீர் பாட்டிலைச் செருகி, கை இருப்பதாகக் காரை ஏமாற்றுகிறார்கள். கை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை ஒலிப்பதற்குக் காரணமே, நீங்கள் கவனமாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளத்தான். ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டேன், லட்சக்கணக்கான டிரைவர்களின் வேலை போய்விடும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023-ல் பேசியிருந்தார். ஆகவே லெவல் 3-க்கான சட்டம் இங்கே உடனே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

லாரி, பஸ்களுக்கு வருமா?

உண்மையில் அடாஸ் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். ராத்திரி முழுக்க கண் விழித்து ஓட்டுகிறவர்கள் ஆம்னி பஸ் டிரைவர்களும் லாரி டிரைவர்களும். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றும் பயணிகள் வாகனங்கள், பஸ்கள், லாரிகள் ஆகியவற்றின் புதிய மாடல்களில் தானியங்கி அவசர பிரேக், தூக்கக் கலக்க எச்சரிக்கை, லேன் விலகல் எச்சரிக்கை ஆகியவற்றைக் கட்டாயமாக்க மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2025-ல் வரைவு அறிவிப்பு வெளியிட்டது. வண்டி கிளம்பும்போது முன்னால் ஆள் நிற்கிறாரா என்று சொல்லும் வசதியும் அதில் உண்டு. பெரிய லாரியின் மூக்குக்கு நேர் கீழே நிற்பவரை டிரைவரால் பார்க்கவே முடியாது என்பதால் இது நல்ல யோசனை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிகள் இன்னும் பல வருடம் ஓடும்.

கண்ணாடி உடைந்தால், பூஜை போட்டால்...

கடைசியாக, ஷோரூமில் யாரும் சொல்லாத ஒன்று.

ரேடார் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியுமா? காரின் முன்பக்கம் பம்பரிலோ கிரில்லிலோ, பெரும்பாலும் லோகோவுக்குப் பின்னால் அல்லது கொஞ்சம் கீழே, சின்ன வழவழப்பான கறுப்புப் பலகை மாதிரி இருக்கும். அதன் முன்னால் எதுவும் இருக்கக் கூடாது. ஆயுத பூஜைக்கு வாழைக் கன்று கட்டுகிறோம், மாலை போடுகிறோம், சந்தனம் பூசி குங்குமம் வைக்கிறோம். வைக்கலாம், தப்பில்லை. அன்று மாலை அடாஸ் வேலை செய்யவில்லை என்று திரையில் எச்சரிக்கை வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். கேமராவுக்கு நேராகக் கண்ணாடியில் திருஷ்டி ஸ்டிக்கர் ஒட்டுவதும் அதே கதைதான். முன்னால் இரும்பு கிராஷ் கார்டு போடுவது 2017-லிருந்தே தடை செய்யப்பட்ட ஒன்று, ரேடாரையும் அது மறைக்கும்.

லாரி டயரிலிருந்து கல் தெறித்து முன் கண்ணாடி உடைந்து மாற்றினாலோ, பம்பர் இடிபட்டு மாற்றினாலோ, கேமராவையும் ரேடாரையும் மறுபடி நேராக்கி அளவு சரிபார்க்க வேண்டும். இதற்கு 'கேலிபரேஷன்' என்று பெயர். கேமராவின் கோணம் கொஞ்சம் மாறினாலும், நூறு மீட்டர் தள்ளி இருக்கும் வண்டி எந்த லேனில் இருக்கிறது என்று கார் தப்பாகக் கணக்குப் போடும். வெளியே மெக்கானிக் கடையில் கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், திரையில் எச்சரிக்கை எதுவும் வராமலும் போகலாம்.

பழைய கார் வாங்குபவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தயாரிப்பு வருட முத்திரையையும் மற்ற கண்ணாடிகளின் முத்திரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கண்ணாடி மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். விற்பவரிடம் சர்வீஸ் பில்லைக் கேளுங்கள், அதில் கேலிபரேஷன் என்ற வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் பேரம் பேசும்போது அந்தச் செலவையும் கழித்துக்கொண்டு, வண்டியை எடுத்ததும் நேராக கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு விடுங்கள். அதுவரை க்ரூஸ் பட்டனைத் தொட வேண்டாம்.